காதுக்கு எண்ணெய் வேண்டாம்... முதலில் பரிசோதனை!

இதை எழுத எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு சித்த வைத்தியன், "இந்த விஷயத்துக்கு எங்களிடம் முதலில் வராதீர்கள்" என்று பத்திரிகையில் எழுதினால் சக வைத்தியர்கள் சும்மா விடுவார்களா? விடமாட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். ஏனென்றால் தப்புப் பண்ணியவன் நான்.

2010ஆம் வருஷம். தென்காசிப் பக்கம் இருக்கிற என் கிளினிக்குக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஆச்சி. அம்மாவின் இடுப்பில் ஒன்றேகால் வயசுப் பெண் குழந்தை. கொழுகொழுவென்று, பார்த்தவுடன் சிரிக்கிற முகம்.

"வைத்தியரய்யா, கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்கா. பேச்சும் வரல" என்றாள் அம்மா, தயங்கித் தயங்கி.

ஆச்சி விடவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லய்யா. இவ அப்பனும் மூணு வயசு வரைக்கும் வாயத் தொறக்கல. மாசமா இருக்கையில கிரகணத்தன்னைக்கு வெளிய வராதேன்னு சொன்னேன், கேட்டாளா? அதான்..."

நான் என்ன செய்தேன் தெரியுமா? குழந்தைக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டினேன். குழந்தை திரும்பிப் பார்த்தது. "காது நல்லாக் கேக்குது, பேச்சுத்தான் தாமதம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். காதில் விட ஒரு தைலம், உள்ளுக்கு ஒரு லேகியம், நாக்கில் தடவ வசம்பு. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டே!

அந்தக் குழந்தை என் கைத்தட்டலைக் கேட்டுத் திரும்பவில்லை. எதிரே இருந்த ஆச்சியின் கண் என் பக்கம் போனதைப் பார்த்துத் திரும்பியது. இது எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் மாதம் தவறாமல் வந்தார்கள். நானும் மாதம் தவறாமல் தைலம் கொடுத்தேன்.

கடைசியில் அங்கன்வாடிக்கு வந்த டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டுக் காது டாக்டரிடம் அனுப்பினார். 'பெரா' என்று ஒரு பரிசோதனை. தலையில் நாலு ஒயரை ஒட்டி, காதில் சத்தம் கொடுத்து, மூளைத்தண்டு வரைக்கும் அந்தச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்தே!

அந்த ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார் அப்பா. திட்டவில்லை, சத்தம் போடவில்லை. "இனிமே என்னய்யா செய்ய?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேருக்கும். அதன் முடிவில்தான் ஒரு வார்த்தை எனக்கு அறிமுகமானது. கனெக்சின் 26. நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் 1989இலிருந்து 1995 வரை படித்தபோது உடற்கூறு, உடல் தத்துவம் எல்லாம் ஆங்கில மருத்துவப் புத்தகங்களையும் வைத்துத்தான் நடத்தினார்கள். ஆனாலும் காதோடு இந்தப் பெயரைச் சேர்த்து யாரும் சொன்னதில்லை. சொல்லவும் முடியாது. உலகத்தில் யாருக்குமே அப்போது அது தெரியாது. தெரிய வந்ததே 1997இல்தான்.

அது என்ன என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததை என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இது புரிந்துவிட்டால், காதில் எண்ணெய் விட்டு ஏன் பிரயோஜனமில்லை என்பது தானாகவே புரிந்துவிடும்.

நம் உடம்பு செல்களால் ஆனது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். ஆனால் அந்தச் செல்கள் ஒன்றோடு ஒன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? மூட்டையில் கொட்டிய நெல் மாதிரியா கிடக்கின்றன? இல்லை. பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாகப் பத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவே பொதுச் சுவர். அந்தச் சுவரில் மூன்று விதமான சமாசாரம் இருக்கும். ஒன்று, தண்ணீர் கசியாமல் பூசிய பூச்சு. இரண்டாவது, சுவரும் சுவரும் பிரிந்துவிடாமல் கட்டியிருக்கிற கம்பி. மூன்றாவது, இந்த வீட்டு அடுக்களையிலிருந்து அந்த வீட்டு அடுக்களைக்கு ஒரு டம்ளர் ரசம் கொடுக்கிற சின்ன ஜன்னல்.

தோல், குடல், மூச்சுக்குழாய், உள்காது எல்லாவற்றையும் மூடியிருக்கிற படலத்தை எபிதீலியம் என்பார்கள். அந்தப் படலத்துச் செல்களுக்கு நடுவே இந்த மூன்றும் இருக்கின்றன. பூச்சுக்கு டைட் ஜங்ஷன் என்று பெயர். கட்டுக்கம்பிக்கு டெஸ்மோசோம். ஜன்னலுக்கு கேப் ஜங்ஷன். நரம்புகளுக்கும் இந்த ஜன்னல் உண்டு. ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்கு மின்சாரம் நேராகவே பாய முடியும் என்பதை 1959இல் ஃபர்ஷ்பான், பாட்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நன்னீர் இறால் வகை ஒன்றில் காட்டினார்கள். அப்படிப் பாய்வது இந்த ஜன்னல் வழியாகத்தான்.

ஜன்னல் எவ்வளவு பெரிசு? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போடுங்கள். அதில் இரண்டு மூன்று கூறுதான் அந்த இடத்தில் இரண்டு செல் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. இந்தப் பக்கத்துச் செல்லிலிருந்து ஆறு புரதம் வட்டமாக நின்று ஒரு அரைக்குழாய் செய்கின்றன. அந்தப் பக்கத்துச் செல்லிலிருந்து இன்னொரு ஆறு. இரண்டும் வாயோடு வாய் பொருந்தினால் முழுக் குழாய். அந்தப் புரதத்துக்குத்தான் கனெக்சின் என்று பெயர். அதில் இருபதுக்கு மேல் வகை இருக்கிறது. எடையை வைத்து நம்பர் கொடுத்திருக்கிறார்கள். நம் காதுக்கு ஜீவாதாரமானது 26ஆம் நம்பர்.

இனி காதுக்குள் போவோம். வெளியே தெரிகிற காது மடல் வெறும் புனல்தான். செவிப்பறை, மூன்று குட்டி எலும்பு எல்லாம் தாண்டி உள்ளே போனால் நத்தைக்கூடு மாதிரிச் சுருண்ட ஒரு அறை. காக்ளியா என்பார்கள். அதற்குள் இரண்டு விதத் தண்ணீர் இருக்கிறது. ஒன்றில் சோடியம் நிறைய. இன்னொன்றில் பொட்டாசியம் நிறைய. இரண்டும் கலந்துவிடாமல் காப்பது அந்தப் பூச்சு. அதிலும் குறிப்பாக கிளாடின் என்ற புரதம். 1998இல் ஜப்பானின் கியோட்டோவில் ஃபுருசேவும் ட்சுகிதாவும் கண்டுபிடித்தது. 2001இல் அதில் 14ஆம் நம்பர் கிளாடின் கெட்டுப்போனாலும் காது கேட்காது என்று தெரியவந்தது. பூச்சு போனால் தண்ணீர்த் தொட்டி என்ன ஆகும், அது மாதிரிதான்.

பொட்டாசியம் நிறைந்த அந்த அறையில் சுமார் 80 மில்லிவோல்ட் மின் அழுத்தம் இருக்கிறது. ஒரு குட்டி பாட்டரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சத்தம் வந்து தண்ணீரில் அலை எழும்பும்போது, ரோம செல்கள் என்று வரிசையாக நிற்கிற செல்களின் நுனி வளையும். உடனே பொட்டாசியம் உள்ளே பாயும். செல் விழித்துக்கொண்டு, தன் அடியில் தொட்டுக்கொண்டிருக்கிற செவி நரம்புக்குச் செய்தி சொல்லும். நீங்கள் இப்போது கேட்கிற ஃபேன் சத்தம்கூட இப்படித்தான் மூளைக்குப் போகிறது.

சரி, உள்ளே பாய்ந்த பொட்டாசியம் எங்கே போகும்? ரோம செல்லுக்குப் பக்கத்தில் தாங்கி நிற்கிற செல்கள் அதை வாங்கி, ஜன்னல் வழியே அடுத்த செல்லுக்கு, அதிலிருந்து அடுத்த செல்லுக்கு என்று கைமாற்றிக் கைமாற்றிப் பழைய இடத்துக்கே அனுப்புகின்றன என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் முதலில் விளக்கினார்கள். கல்யாண வீட்டில் பந்திக்கு வாளியைக் கை மாற்றுவார்களே, அந்த மாதிரி. பிற்பாடு எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், காக்ளியா சரியான வடிவத்தில் வளருவதற்கே இந்த ஜன்னல்கள் தேவைப்படுகின்றன என்றும் தெரிந்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும், 26ஆம் நம்பர் கனெக்சின் இல்லையென்றால் உள்காது வேலை செய்யாது.

இதைக் கண்டுபிடித்த கதையில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1994இல் துனீசியா நாட்டில், சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்துகொண்ட இரண்டு குடும்பங்களை ஆராய்ந்து, பிறவிச் செவிட்டுக்கான ஒரு மரபணு 13ஆவது குரோமோசோமில் இருக்கிறது என்று இடத்தைக் குறித்தார்கள். 1997இல் லண்டனைச் சேர்ந்த டேவிட் கெல்செல் குழுவினர் பாகிஸ்தான் குடும்பங்களை ஆராய்ந்து, அந்த மரபணு இதே கனெக்சின் 26தான் என்று சொன்னார்கள். இந்தியாவில் நிறையக் காணப்படுகிற கோளாறு எது என்று 2003இல் ஒரு ஆய்வு வெளியானது. அதற்கு டபிள்யூ 24 எக்ஸ் என்று பெயர். என் பேஷன்ட் குழந்தையின் ரிப்போர்ட்டிலும் அதேதான் இருந்தது.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கனெக்சின் 26 என்பது 226 மணி கோத்த மாலை. ஒரு எழுத்துப் பிழையால் 24ஆவது மணி வருகிற இடத்தில் 'இதோடு நிறுத்து' என்ற உத்தரவு விழுந்துவிடுகிறது. 23 மணியோடு மாலை அறுந்துபோகிறது. அதை வைத்து ஜன்னல் எப்படிக் கட்டுவது?

இப்போது சொல்லுங்கள். நான் கொடுத்த தைலம் காதுத் துவாரத்தில் இறங்கி, செவிப்பறை வரைக்கும் போய் நின்றுவிடும். அதைத் தாண்டி, எலும்புக்குள் இருக்கிற காக்ளியாவின் ஒவ்வொரு செல்லிலும் நுழைந்து எழுத்துப் பிழையைத் திருத்துமா? வசம்பு திருத்துமா? திருத்தாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிற குழந்தையாக இருந்தால் எண்ணெய் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கிற ஆபத்து வேறு. ஆங்கில மருந்திலும் இதற்கு மாத்திரை கிடையாது. மரபணுவையே சரிசெய்கிற ஆராய்ச்சி எலிகளில் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் சக வைத்தியர்களோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. விஞ்ஞானத்தில் புதிதாக ஏதாவது வந்தால் போதும், "இதை எங்கள் சித்தர்கள் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்" என்று ஒரு கட்டுரை வந்துவிடும். பத்து வாயுக்களில் வியானன் உடம்பெல்லாம் பரவுகிறானே, அவன்தான் கேப் ஜங்ஷன் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசியதை நானே கேட்டேன். கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. சித்தர்கள் நாடியைப் பிடித்து, நாக்கைப் பார்த்து, நீரில் எண்ணெய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது ஏராளம். அது அவர்களுக்குப் பெருமை. மைக்ரோஸ்கோப் கண்டதை அவர்கள் தலையில் கட்டினால் அவர்களுக்குப் பெருமையா? அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வது அவர்களை அவமதிக்கிற காரியம் என்பது என் அபிப்பிராயம்.

டைட் ஜங்ஷனையும் விட்டுவைக்கவில்லை. 'உங்கள் குடல் ஓட்டை விழுந்த குடலா?' என்று கேட்டு ஒரு டப்பா சூரணம் விற்கிறார்கள். குடல் செல்களின் பூச்சு சில நோய்களில் தளர்வது உண்மை. அதற்காகத் தலைவலியிலிருந்து முடி கொட்டுவது வரைக்கும் எல்லாவற்றுக்கும் குடல் ஓட்டைதான் காரணம் என்பது வியாபாரம். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

காதுக்கு வருவோம். முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

இந்தக் குழந்தைகளுக்குச் செவி நரம்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போனது அதற்கு முன்னால் இருக்கிற படலம்தான். அதனால்தான் காக்ளியர் இம்ப்ளான்ட் என்கிற கருவியை ஆபரேஷன் செய்து வைத்தால் இவர்களுக்கு நல்ல பலன் கிடைக்கிறது. கருவி ரோம செல்லின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டு நேராக நரம்பைத் தட்டி எழுப்பும். ஆனால் ஒரு நிபந்தனை. சீக்கிரம் வைக்க வேண்டும். பேச்சைப் புரிந்துகொள்கிற வாசல் மூளையில் முதல் மூன்று வருஷம் நன்றாகத் திறந்திருக்கும். போகப்போக மூடிக்கொண்டே வரும்.

அந்தப் பெண் குழந்தைக்கு மூன்று வயது தாண்டித்தான் ஆபரேஷன் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. அதனால் பணத்துக்காக வீட்டை விற்கவேண்டிய நிலை வரவில்லை.

2014இல் அதே வீட்டில் இன்னொரு குழந்தை பிறந்தது. பையன். இந்தத் தடவை இரண்டாம் நாளே காதைச் சோதித்தார்கள். அவனுக்கும் அதே கோளாறு! மூன்று மாதத்தில் இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி, ஒரு வயது முடிந்ததும் ஆபரேஷன், வாரா வாரம் பேச்சுப் பயிற்சி. அவன் பேசுவதைக் கேட்டால் பிறவியில் காது கேளாத பையன் என்று உங்களால் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் வாய் ஓயாது என்று டீச்சர் புகார். அக்காவும் பேசுகிறாள். ஆனால் வார்த்தைகள் தேய்ந்து வரும். கூட்டமான இடத்தில் மற்றவர்கள் பேசுவது அவளுக்குப் பிடிபடாது. ஒரே வீடு, ஒரே ஜீன், ஒரே கருவி. நடுவில் ஒரு இரண்டு வருஷம்தான் வித்தியாசம். அதில் ஒன்றரை வருஷம் நான் சாப்பிட்டது.

போன வருஷம் அவள் கிளினிக்குக்கு வந்தாள், சளிக்கு மருந்து வாங்க. வளர்ந்த பெண். என் உதட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "தம்பி பாட்டுக் கேட்டுட்டே எழுதுதான். எனக்கு ஏன் பாட்டு வெறும் சத்தமாக் கேக்குது?" மழுப்பியிருக்கலாம். மழுப்பவில்லை. "நீ வந்த அன்னிக்கே உன்னை டெஸ்டுக்கு அனுப்பியிருக்கணும்மா. நான் தைலம் கொடுத்தேன்" என்று மெதுவாக, அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் சளி மருந்தை எத்தனை வேளை சாப்பிடணும் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆச்சி விஷயம்.

அந்த அப்பாவும் அம்மாவும் தாய்மாமனும் அக்கா மகளும். ஆச்சி என்று சொன்னேனே, அவர் குழந்தையின் அம்மாவுக்கு மாமியாரும் அவர்தான், சொந்தப் பாட்டியும் அவர்தான். கிரகணத்தைச் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணை நான்கு வருஷம் குத்திக் காட்டியிருக்கிறார். மரபணு ரிப்போர்ட் என்ன சொன்னது? பிழையான பிரதி அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. ஒவ்வொருவரிடமும் இன்னொரு நல்ல பிரதியும் இருந்ததால் அவர்களுக்குக் காது கேட்டது. குழந்தைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிழையே வந்து சேர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததற்கு வராது என்ற கணக்கெல்லாம் கிடையாது.

மகனுக்கும் மகள் வழிப் பேத்திக்கும் ஒரே பிழை என்றால் அது எங்கிருந்து வந்திருக்கும்? ஆச்சியிடமிருந்தோ, காலமாகிவிட்ட தாத்தாவிடமிருந்தோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை ஆச்சியிடம் விளக்கிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. பாவம், ஆடிப்போய்விட்டார். "அப்போ நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டார். "கொடுக்கவும் இல்லை, யாரும் தப்பும் செய்யவில்லை ஆச்சி. உங்களுக்கும் யாரோ கொடுத்ததுதான்" என்றேன். அதற்குப் பிறகு கிரகணப் பேச்சு அந்த வீட்டில் எழவில்லை என்று அந்த அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்கென்னவோ, அந்தச் சோதனையால் கிடைத்த லாபங்களில் அதுவும் பெரிசு என்று தோன்றுகிறது. பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்றவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை.

"எங்க வீட்டில் மூணு தலைமுறையா சொந்தத்துலதான் கட்டியிருக்கோம். யாருக்கு என்ன வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மரபணுவில் பிழை எல்லாரிடமும் ஏதாவது ஒன்று இருக்கிறது. வெளியில் பெண் எடுத்தால் அதே பிழை அந்தப் பக்கத்திலும் இருக்க வாய்ப்புக் குறைவு. சொந்தத்தில் எடுத்தால் அதிகம். மாமன், அக்கா மகளிடையே மரபணுவில் நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகளிடையே எட்டில் ஒரு பங்கு. மூன்று தலைமுறை தப்பித்திருக்கலாம், நான்காவதில் பிழையும் பிழையும் சந்திக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கால்வாசிக்கு மேற்பட்ட கல்யாணம் இன்னமும் சொந்தத்தில்தான் நடக்கிறது. சொத்து வெளியே போகாது, பெண்ணுக்குத் தெரிந்த வீடு, வயதான காலத்தில் பார்த்துக்கொள்வாள் என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதையெல்லாம் நான் கேலி செய்யமாட்டேன். என் கல்யாணமே மாமன் மகளோடுதான்! ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே காது கேட்காதவர், வாய் பேசாதவர் யாராவது இருந்தால், மறுபடியும் அதே சொந்தத்துக்குள் முடிச்சுப் போடுவதற்கு முன்னால் ஒரு மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஜாதகத்துக்குச் செலவழிக்கிறோமே, இதற்கும் கொஞ்சம் செலவழிக்கக் கூடாதா?

கனெக்சினால் காது மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். நரம்பைச் சுற்றியிருக்கிற உறையில் 32ஆம் நம்பர் கனெக்சின் இருக்கிறது. அது கெட்டால் கால் சதை சூம்பி, பாதம் தொங்குகிற ஒரு பரம்பரை நோய் வரும் என்பதை 1993இலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 26ஆம் நம்பரிலேயே வேறு சில பிழைகள், உள்ளங்கை உள்ளங்கால் தோல் தடித்துப்போவதோடு காதும் கேட்காமல் செய்யும். இவர்களெல்லாம் வாதம் என்றும் சொறி என்றும் எங்களிடம்தான் முதலில் வருகிறார்கள். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சித்த மருத்துவக் கல்லூரிகளில் இதைத் தனிப் பாடமாகவே வைக்க வேண்டும் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. சித்த மருத்துவத்தை ஆங்கில மருத்துவமாக்கப் பார்க்கிறேனாம். எது நம்மால் ஆகாது என்று தெரிந்துகொள்வதும் வைத்தியம்தானே ஐயா! காதில் சீழ், அடிக்கடி சளி என்று வருகிறவர்களை நான் இன்றைக்கும் பார்க்கிறேன், மருந்தும் கொடுக்கிறேன். பேச்சு வராத குழந்தை வந்தால் மட்டும் மருந்து எழுதுவதில்லை. காது டாக்டருக்குச் சீட்டு எழுதுகிறேன்.

சோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. 1978இல் இங்கிலாந்தில் டேவிட் கெம்ப் என்பவர் ஒரு விந்தையைக் கண்டுபிடித்தார். நல்ல காது, சத்தத்தைக் கேட்பது மட்டுமில்லாமல், தானும் மெல்லிசாக ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது! அதைப் பிடிக்கிற கருவிதான் ஓ.ஏ.ஈ. குழந்தை பால் குடித்துத் தூங்கும்போது காதில் ஒரு மெல்லிய குழாயை வைத்துச் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. பிறந்த ஓரிரு நாளில் காதில் ஈரமும் அழுக்கும் இருப்பதால் சில சமயம் 'மறுபடியும் வாருங்கள்' என்று சொல்வார்கள். பதறாதீர்கள், ஆனால் போகாமல் இருந்துவிடாதீர்கள். இரண்டாவது தடவையும் சரியில்லை என்றால் பெரா. ரோம செல் நன்றாக இருந்து நரம்போடு சேருகிற இடத்தில் மட்டும் கோளாறு என்றால் ஓ.ஏ.ஈ. ஏமாற்றிவிடும். அதனால் சந்தேகம் இருந்தால் பெராவையே கேட்டு வாங்குங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கு இதுதான்.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பது, கதவை அடித்துப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். தரை அதிரும், நிழல் ஆடும், குழந்தை திரும்பும். "ங்கா... ங்கா..." என்று சத்தம் கொடுக்கிறதே என்றும் நம்பிவிடாதீர்கள். காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதம் அப்படித்தான் சத்தம் கொடுக்கும்.

கருவி வேண்டாம், சைகை மொழியிலேயே பிள்ளையை வளர்க்கிறோம் என்று சில பெற்றோர் முடிவெடுக்கிறார்கள். சைகையும் முழுமையான மொழிதான். அதையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். எந்த வழியாக இருந்தாலும் முதல் வருஷத்திலேயே ஆரம்பிக்க வேண்டும்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் யாராவது மாசமாக இருந்தால், பிரசவ ஆஸ்பத்திரியில் "காது டெஸ்ட் உண்டா?" என்று இப்போதே கேட்டு வையுங்கள். இல்லை என்று சொன்னால், அரசு மருத்துவமனைகளில் குழந்தை வளர்ச்சிக்கான இடையீட்டு மையம் மாவட்ட அளவில் இருக்கிறது, அங்கே கொண்டுபோகலாம். சோதனைத் தாளைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். 'பாஸ்' என்று வந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பிறந்தபோது பாஸான சில குழந்தைகளுக்கும் கனெக்சின் கோளாறால் பின்னால் காது மந்தமாவது உண்டு. ஒன்றரை வயதில் பத்து வார்த்தைகூட வரவில்லையென்றால் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.